நீங்கள் கதவுக்கு வெளியே நின்றீர்கள், டீச்சர்

கரண்ட் போன நேரத்தையெல்லாம் கதையாக்கித் தந்த என் அன்புள்ள பிலோமினா டீச்சருக்கு,

கருமத்தம்பட்டியிலிருந்து பக்கத்து வீட்டு மாராத்தாள் எழுதுகிறேன். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உங்களிடம் படித்தவர்கள் எல்லாம் சேர்ந்து நினைவு மலர் போடுகிறார்கள். கோயமுத்தூர் காலேஜில் அத்தனை வருடம் இங்கிலீஷ் பாடம் எடுத்தவருக்கு எழுத ஆளா இல்லை? ஆனாலும் என்னிடமும் வந்து கேட்டார்கள். "நீங்க வாயில சொல்லுங்கம்மா, நாங்க எழுதிக்கறோம்" என்றாள் வந்திருந்த பெண். அஞ்சாவது வரைக்கும் படித்த கை இது, நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பிழை திருத்தியது மட்டும் பேத்தி கவிதா. வேறெதையும் மாற்றக் கூடாது என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று உங்களுக்கே தெரியும்.

மலரில் எல்லோரும் உங்களை நல்லவர் என்று எழுதுவார்கள். நான் இல்லையென்று சொல்ல வரவில்லை. ஆனால் என் மனதில் ஒன்று கிடந்து அறுக்கிறது. கல்லறைக்கு வந்து சொல்லலாம் என்று பார்த்தேன். அங்கே நானும் நீங்களும் மட்டும்தான். நீங்கள் சொன்ன கதையை நாலு பேர் நடுவில்தானே கேட்டேன்? பதிலையும் நாலு பேர் கேட்கட்டும்.

எங்கள் வீட்டை ஒட்டிய தறிக்குடோனில் ஆறு தறியும் ஓடும்போது காதோடு வாய் வைத்துக் கத்தினால்தான் பேச்சு கேட்கும். கரண்ட் போனால் மட்டும் ஒரு அமைதி வரும். அந்த அமைதியைக் கேட்டுத்தான் நீங்கள் உங்கள் வீட்டிலிருந்து வருவீர்கள். தறி ஓட்டும் பாப்பாத்தி ஒரு கூடையைக் கவிழ்த்து உங்களுக்கு உட்காரப் போடுவாள். "எங்க உட்டோம்?" என்பீர்கள். கரண்ட் வந்து பாதிப் பேச்சில் அறுந்த இடம் எங்களுக்கு நன்றாக நினைவிருக்கும். ஒரு தடவை, துரைசானி ஒருத்தி பாலத்தின் மேல் நின்றுகொண்டு ஊரை விட்டுப் போவதா வேண்டாமா என்று யோசிக்கும்போது கரண்ட் வந்துவிட்டது. அப்புறம் அந்த வாரம் முழுக்கக் கரண்ட் போகவே இல்லை.

"ஏனுங் டீச்சர், இத்தன நாளா நிக்கறாளே, அவளுக்குக் காலு கடுக்காதுங்களா?" என்று பாப்பாத்தி வேலி மேல் எட்டிக் கேட்டது ஞாபகம் இருக்கிறதா?

அந்த ஊர்ப் பெயரெல்லாம் எங்கள் நாக்கில் நிற்காது என்று துரைகளுக்கு முத்துசாமி என்றும் துரைசானிகளுக்கு ராசாத்தி என்றும் நீங்களே பெயர் வைத்தீர்கள். கதை முடிந்ததும் ஒன்று கேட்பீர்கள். "யாருக்காக அழுதே மாராத்தா?" காலேஜ் பிள்ளைகளிடம் கேட்கிற கேள்விதான் அது என்றும், அதற்குத்தான் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள் என்றும் சொன்னீர்கள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? காலேஜில் கேட்கும் கேள்வியை என் தறிக்குடோனில் வந்து என்னிடம் கேட்டீர்களே.

தங்கைக்கு வந்த நல்ல சம்பந்தத்தைக் கெடுத்த ஒரு அக்காக்காரியின் கதை சொன்னீர்கள். நாங்கள் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினோம். "அவளத் தூக்கித் தறியில கட்டோணும்" என்றாள் பாப்பாத்தி. அடுத்த தடவை கரண்ட் போனபோது அந்த அக்காவின் அறைக்குள் எங்களைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். தனக்கென்று ஒரு காலத்தில் தைத்து, போடாமலே பெட்டியில் கிடந்த கல்யாண உடுப்பை அவள் தங்கையின் அளவுக்குப் பிடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள். ஊசி விரலில் ஏறுகிறது. வெள்ளைத் துணியில் ரத்தம் பட்டுவிடக் கூடாதென்று விரலை வாயில் வைத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான் சொன்னீர்கள். பாப்பாத்தி மூக்கைச் சிந்தினாள்.

"முந்தாநேத்து இவளத்தான தறியில கட்டோணும்னே?" என்று நீங்கள் சிரித்தீர்கள்.

"நீங்க கதைய மாத்திப்போட்டீங்க" என்றாள் அவள்.

"நா ஒண்ணையும் மாத்தலே கண்ணு. உங்களச் சித்த நேரம் அவ பக்கத்துல உக்கார வச்சேன். கதையில நாம ஆரு பக்கத்துல உக்காந்திருக்கறமோ அவங்களுக்குத்தான் அழுவோம். அவங்க நல்லவங்களா கெட்டவங்களாங்கறதெல்லாம் பொறவு."

அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. நீங்கள்தான் மறந்தீர்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். மறக்கவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

என் ஒரே மகள் சுமதியைப் பல்லடத்தில் கட்டிக்கொடுத்திருந்தேன். மாப்பிள்ளை சண்முகத்துக்குக் கோழிப்பண்ணை. கை நீட்டுகிறான் என்று அவள் கவிதாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கவிதா அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். ஒறம்பரைக்காரர்கள், இரண்டு பக்கச் சொந்தமும், அனுப்பச் சொல்லி வந்து நின்றார்கள். சண்முகமும் அவர்களோடு வந்தான். நான் ஒரே பிடியாக முடியாது என்றேன். என் வீட்டுக்காரர் போன பிறகு தனியாக ஆறு தறியை ஓட்டியவள் நான், மகளுக்குச் சோறு போட மாட்டேனா என்றேன். அந்தப் பிடி உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். "நீ கெட்டிக்காரி மாராத்தா" என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

அந்தச் சமயத்தில் எங்களுக்கு ஒரு பெரிய கதை ஓடிக்கொண்டிருந்தது. பண்ணையார் ஒருவன், நீங்கள் வைத்த பெயர் முத்துசாமி, பெண்டாட்டி ராசாத்தியை அடிக்கிறான். சூதாட்டத்தில் சொத்தைத் தொலைத்துவிட்டு ஊரை விட்டே போகிறான். அவள் பிள்ளையை வைத்துக்கொண்டு இருக்கிற நிலத்தைப் பார்க்கிறாள். வருடங்கள் கழித்து ஒரு நாள் அவன் திரும்பி வருகிறான். அங்கே வந்து நின்றிருந்தது கதை.

அன்றைக்குப் போன கரண்ட் நெடுநேரம் வரவில்லை. "பனி கொட்டுதுன்னா உங்களுக்குத் தெரியாது, மழைன்னு வச்சுக்கங்க" என்று ஆரம்பித்தீர்கள். அவன் மழையில் நடந்து வருகிறான். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பூட்ஸ் வாய் பிளந்துபோய்ச் சணல் கயிற்றால் கட்டியிருக்கிறான். கதவைத் தட்டக் கையைத் தூக்குகிறான், தட்டாமல் இறக்குகிறான். ஜன்னலில் தெரியும் விளக்கைப் பார்க்கிறான். மறுபடியும் தூக்குகிறான். நீங்கள் அவனை எவ்வளவு நேரம் நிற்க வைத்தீர்கள் டீச்சர்? உள்ளே ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள் என்பதே எங்களுக்கு மறந்துபோயிற்று. கடைசியில் அவள் கதவைத் திறந்தாள். ஒன்றும் கேட்காமல் ஒரு துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்டினாள்.

பாப்பாத்தி அழுதாள். நான் அழுதேன். மூலையில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்த சுமதி மட்டும் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். "யாருக்காக அழுதே மாராத்தா?" என்று அன்றைக்கு நீங்கள் கேட்கவில்லை.

மறுநாள் சண்முகம் தனியாக வந்தான். ஒறம்பரையும் இல்லை, பேச்சும் இல்லை. வாசலில் தலை குனிந்து நின்றான். நானும் தலை குனிந்தபோது அவன் செருப்பைப் பார்த்தேன். வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தான். நேற்றுக் கதையில் வந்தவனே இன்றைக்கு என் வாசலில் வந்து நிற்கிறான், கடவுள்தான் எனக்கு முன்கூட்டியே காட்டியிருக்கிறார் என்று நினைத்தேன்.

"போ கண்ணு. மனுசன் மாறியிருக்கறாப்ல" என்றேன் சுமதியிடம்.

"நீங்க சொன்னாப் போறேம்மா" என்றாள். கவிதா புத்தகப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு அவள் பின்னால் போனாள்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தான். அப்புறம் பழையபடி. ஒரு தடவை அறைந்த அறையில் சுமதிக்கு இடது காது போயிற்று. ஆஸ்பத்திரியில் நீங்களும் வந்து பார்த்தீர்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அதற்குப் பிறகு கரண்ட் போனால் நீங்கள் எங்கள் குடோனுக்கு வருவதை நிறுத்திவிட்டீர்கள். கண் தெரியவில்லை, படிக்க முடியவில்லை என்றீர்கள். நான் நம்பினேன். முருங்கைக்கீரைச் சாறு வைத்துக் கொண்டு வந்து கொடுத்தேன். நீங்களும் வாங்கிக் குடித்தீர்கள்.

உங்களுக்குத் தெரியாத செய்தி ஒன்று சொல்கிறேன். நீங்கள் போன பிறகு, போன ஐப்பசியில், சுமதி இங்கேயே வந்துவிட்டாள். இந்தத் தடவை யாரையும் கேட்டுக்கொண்டு வரவில்லை. தறி ஓட்டக் கற்றுக்கொண்டாள். "மத்தவங்களுக்கு முழுச் சத்தம், எனக்குப் பாதிதான். நாந்தான் இங்க கொடுத்து வச்சவ" என்று பாப்பாத்தியிடம் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொரு செய்தி. கவிதா கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கி பி.ஏ. இங்கிலீஷ் படிக்கிறாள். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். நீங்கள் இருந்திருந்தால் தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்திருப்பீர்கள். லீவுக்கு வந்தபோது ஒரு சினேகிதியையும் கூட்டி வந்தாள். இரண்டு பேர் கையிலும் ஒரே புத்தகம். என்ன கதை என்று கேட்டேன். கவிதா இரண்டு வரி சொன்னதுமே கண்டுபிடித்துவிட்டேன், நம்முடைய முத்துசாமி ராசாத்தி கதை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இது எனக்குத் தெரியும். நாஞ் சொல்றேன் கேளுங்க" என்று உட்கார்ந்து, அரிசிம்பருப்புச் சோறு ஆறிப்போவதுகூடத் தெரியாமல் முழுக்கதையும் சொன்னேன். அந்தப் பெண் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "பாட்டி, எங்க மிஸ்ஸைவிட நல்லாச் சொல்றீங்க" என்றாள். மழை வந்தது, பூட்ஸ் வந்தது, கதவு திறந்தது, துண்டால் தலை துவட்டினேன். சொல்லி முடித்துவிட்டு இரண்டு பேரும் கண்ணைத் துடைப்பார்கள் என்று பார்க்கிறேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

"அப்படி இல்லீங்களே பாட்டி" என்றாள் சினேகிதி மெதுவாக. "அவ கதவத் தொறக்கவே மாட்டாளே."

கவிதாவைப் பார்த்தேன். அவள் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படி கண்ணு" என்றேன்.

அவள் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னாள். டீச்சர், அந்தப் பக்கத்தில் மழையும் இல்லை, பனியும் இல்லை. தொப்பி இல்லை, பூட்ஸ் இல்லை. ராசாத்தி மேசையில் பிள்ளைக்கு ரொட்டி நறுக்கிக்கொண்டிருக்கிறாள். கதவைத் தட்டும் சத்தம் கேட்கிறது. கத்தி நிற்கிறது. மறுபடி தட்டுகிறான், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். அவள் மணிக்கட்டில் பழைய தழும்பு ஒன்று. அதைப் பார்க்கிறாள். பிறகு அடுத்த துண்டை நறுக்குகிறாள். அவ்வளவுதான்.

"அவன் வெளிய என்ன பண்றான்னே இதுல இல்ல அம்மிச்சி" என்றாள் கவிதா. "தட்டுற சத்தம் மட்டுந்தான். எழுதுனவங்க வெளிய போகவே இல்ல. படிக்கறவங்க அவ கூடவே உள்ள இருக்கறோம். அதனாலதான் அவ மேல நமக்குக் கோவம் வரல. இதத்தான் மிஸ் கட்டுரையா எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க."

"அதுக்கு முந்தி உள்ளதெல்லாம்?"

"நீங்க சொன்னதெல்லாம் அப்படியே இருக்குது. இந்த எடத்துல இருந்துதான் வேற."

அன்றைக்கு உங்களுக்காக எத்தனை சாக்கு தேடினேன் தெரியுமா? கரண்ட் வந்து பாதியில் விட்டிருப்பீர்கள் என்று பார்த்தேன். அன்றைக்கு முழுதாகச் சொன்னது எனக்கே தெரியும். வேறு புத்தகத்தோடு குழம்பியிருப்பீர்கள் என்று பார்த்தேன். வருடா வருடம் பிள்ளைகளுக்கு நடத்திய புத்தகம் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். எங்களைச் சந்தோஷப்படுத்த மாற்றியிருப்பீர்கள் என்று கவிதா சொன்னாள். "டீச்சர் சேத்த அந்தப் பக்கம் அழகா இருக்குது அம்மிச்சி" என்றும் சொன்னாள். அவள் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு போனது அந்த அழகான பக்கத்தை நான் நம்பியதால்தான்.

அப்போதும்கூட உங்களை முழுதாக விட்டுவிடவில்லை. போன புதன்கிழமை மத்தியானம் வரை விடவில்லை.

கரண்ட் போய்த் தறிகள் நின்றிருந்தன. நல்ல வெயில். வீட்டுக்குள் நான் படுத்திருந்தேன். சுமதி முறத்தில் பருப்பைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கதவு தாழ் போட்டிருந்தது. தட்டும் சத்தம் கேட்டது.

"சுமதி, நாந்தான். கதவத் தொற."

அவள் வலது காதை அந்தப் பக்கம் திருப்பினாள். கை நிற்கவில்லை.

"அத்தை, நீங்களாவது சொல்லுங்க. நா ஒடஞ்சு போயிட்டனுங்க. ஒரு வாய்ச் சோறு பொங்கிப் போட ஆளில்ல."

சொல்கிறேன் டீச்சர், என் மனசு எழுந்து வெளியே போய்விட்டது. வெயிலில் நிற்கிறானே, செருப்பு இருக்கிறதோ இல்லையோ என்று நினைத்தது. அதை அப்படிப் பழக்கி வைத்தது நீங்கள். கையை ஊன்றி எழுந்துகூட விட்டேன்.

"உக்காருங்கம்மா" என்றாள் சுமதி.

அவன் விடவில்லை. "பிலோமினா டீச்சர் இருந்திருந்தா எனக்காகப் பேசியிருப்பாங்க. நா தனியா வந்ததுக்கு மொத நாள் காத்தாலயும் அவங்க ஊட்டுப் படியில உக்காந்துதான அத்தனை அழுகை அழுதேன். செருப்பு அறுந்து கெடந்ததப் பாத்துட்டு அந்தம்மாதான் ஊக்கு எடுத்துக் குடுத்தாங்க. நாளைக்குத் தனியா வா, மாராத்தா தொறப்பான்னு சொன்னாங்க. அவங்க மனசு ஆருக்கு வரும்?"

ஊக்கு உங்களுடையதா டீச்சர்?

காலையில் உங்கள் படியில் பார்த்த செருப்பைச் சாயங்காலம் துரையின் காலில் மாட்டி எங்கள் குடோனுக்கு அனுப்பினீர்கள். மறுநாள் அதே செருப்பு என் வாசலுக்கு வந்தது. நான் கடவுள் என்று நினைத்தேன். நீங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்திருப்பீர்கள், இல்லையா?

நான் முடியாது என்றால் முடியாது என்பவள் என்று உங்களுக்குத் தெரியும். நேரே வந்து, "மாராத்தா, அவன் அழுதான், எனக்கு மனசு கேக்கல, ஒரு தடவை யோசி" என்று சொல்லியிருக்கலாம். நான் சண்டை போட்டிருப்பேன். சண்டை போட்டாவது என் புத்தியால் முடிவு எடுத்திருப்பேன். படிக்காதவள்தானே, கதையில் சுற்றிக் கொடுத்தால் விழுங்கிவிடுவாள் என்று நினைத்தீர்களா? உங்கள் காலேஜ் பிள்ளைகளுக்கு அந்தப் பக்கத்தை மாற்றிச் சொல்லியிருப்பீர்களா? அவர்கள் கையில் புத்தகம் இருந்தது. என் கையில் நீங்கள் மட்டும்தான் இருந்தீர்கள்.

இன்னொன்றும் நினைத்துப் பார்த்தேன். அவன் உங்கள் படியில் உட்கார்ந்து அவன் கதையைச் சொன்னான். நீங்கள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டீர்கள். அழுதும் இருப்பீர்கள். அப்படியானால் நீங்களும் என்னைப் போல ஒரு கதை கேட்டு ஏமாந்தவர்தானா? அப்படி இருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அது எப்படி நடக்கிறது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தானே? சுமதி பத்தடி தூரத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் வந்து சித்த நேரம் உட்கார உங்களுக்கு ஏன் தோன்றவில்லை?

காது போன பிறகாவது சொல்லியிருக்கலாம். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களே, அப்போது எந்தப் பக்கத்தை நினைத்துக்கொண்டிருந்தீர்கள்?

புதன்கிழமை என்ன ஆயிற்று என்பதைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அவன் பேசிக்கொண்டே இருந்தான். குடோனிலிருந்து பாப்பாத்தி குரல் கொடுத்தாள், "சுமதீ, கரண்ட் வந்துருச்சு." சுமதி முறத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். கதவுக்கு அருகில் போனாள். தாழைத் தொடவில்லை.

"கரண்ட் வந்துருச்சுங்க. எனக்கு வேலை கெடக்குது. போயிட்டு வாங்க" என்றாள். மரியாதையில் ஒரு குறை இல்லை.

பின்வாசல் வழியாகக் குடோனுக்குப் போனாள். ஒரு தறி ஓடியது. அப்புறம் அடுத்தது. ஆறும் ஓட ஆரம்பித்ததும் வெளியே அவன் என்ன சொன்னான் என்பது எனக்குக் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றான், எப்படிப் போனான் என்றும் தெரியாது. நான் எட்டிப் பார்க்கவில்லை. முறத்தை மடியில் வைத்து அவள் விட்ட இடத்திலிருந்து கல் பொறுக்கினேன்.

கவிதா கட்டுரை எழுதிக் கொடுத்துவிட்டாள். உங்கள் நினைவு நாளுக்கு நான் வருவேன் டீச்சர். சம்பங்கி மாலை உங்களுக்குப் பிடிக்கும், அதையே கொண்டு வருவேன். கோபம் போய்விட்டது என்று மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு வாக்குத் தருகிறேன். இனிக் கரண்ட் போனால் உங்கள் கூடையில் உட்கார்ந்து நான் கதை சொல்வேன். பாப்பாத்தி இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறாள். முத்துசாமி ராசாத்தி கதையைத்தான் முதலில் சொல்லப்போகிறேன். அந்தக் கதவு வந்ததும் வெளியே போக மாட்டேன். எத்தனை பேர் மூக்கைச் சிந்தக் காத்திருந்தாலும், ரொட்டி நறுக்குகிறவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
சுமதியின் அம்மா,
மாராத்தாள்